எரிந்தால் நீ, அணைந்தால் அக்கா

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாய் என்று தெரியும், நேற்றுக்கூடக் குடும்பக் குழுவில் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பியிருந்தாய். இங்கே அப்பா முன்னைக்கு இப்போது நலம். எனக்கும் ஒன்றுமில்லை. உன் அக்கா நலமாக இல்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ சிரிப்பாய், உன் சிரிப்பு எனக்கும் தொற்றிக்கொள்ளும், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும், முப்பது வருஷமாக அப்படித்தான் நடந்திருக்கிறது. அதனால் கையால் எழுதி ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். ஓரிடத்தில் உட்கார்ந்து படி. நடந்துகொண்டே படிக்காதே.

முதலில் அப்பா. அவர் பக்கவாதம் வந்து விழுந்து ஏழு மாதம் ஆகிறது. இடது கையால் தம்ளரைப் பிடித்துத் தானே குடிக்கிறார். வலது கால் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பிசியோதெரபிஸ்ட் செவ்வாயும் வெள்ளியும் வருகிறார், அவசரப்படாதீர்கள் என்று எங்களிடம் சொல்லிவிட்டு அவர்தான் அவசரமாகக் கிளம்புகிறார். பேச்சில் ஆறேழு சொற்கள் திரும்பியிருக்கின்றன. தண்ணி, போதும், யாரு, வெளிச்சம். வெளிச்சம் என்றால் ஜன்னல் திரையை விலக்கச் சொல்கிறார் என்று அர்த்தம். உன் பெயர் இன்னும் வாயில் வரவில்லை, உன் அக்கா பெயரும் வரவில்லை, இரண்டு பேருக்கும் ‘பிள்ள’ என்று ஒரே சொல்தான். நீ அனுப்பிய சக்கர நாற்காலி நல்ல நாற்காலி. அதில் உட்கார்ந்துதான் தெருவைப் பார்க்கிறார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்லப்போவது எதுவும் அதை மறுப்பதற்கில்லை. உன் அக்கா காலை ஆறரைக்கு முதல் பஸ்ஸில் வருகிறாள். குளிப்பாட்டுகிறாள், சவரம் செய்கிறாள், மாத்திரைகளை எடுத்துக் கொடுக்கிறாள், படுக்கை விரிப்பை மாற்றுகிறாள், எட்டரைக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அவளுடைய ஜன்னலைத் திறக்க வேண்டும், ஓடுகிறாள். மாலையில் திரும்ப வந்து காலை நீட்டி மடக்கி, நடக்கவைத்து, படுக்கவைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போகிறாள். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. பகலில் உதவியாள் ஒருவர் இருக்கிறார், மற்ற நேரத்தில் நான்.

இனி கணினியில் நீங்கள் இரண்டு பேரும் ஆடுகிற அந்தக் கட்டை விளையாட்டு. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீ காலேஜில் சேர்ந்த காலத்திலிருந்து முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். எல்லாம் சதுரம். சூரியன்கூடச் சதுரம். மரத்தைக் கையால் குத்தினால் அடிப்பாதி காணாமல் போகும், மேல்பாதி அந்தரத்தில் வெட்கமில்லாமல் நிற்கும். அவளுக்குக் கல்யாணமாகி, நீ அவ்வளவு தூரம் போன பிறகும் அந்த உலகத்தை விடாமல் வைத்திருந்தீர்கள். அதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்தான். இரண்டு பேரும் வந்துபோக ஓர் அறையாவது மிச்சமிருக்கிறதே என்று நினைத்தேன். அந்த அறையில் நீ என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று போன ஞாயிற்றுக்கிழமை வரை எனக்குத் தெரியாது.

இரண்டு மாதத்துக்கு முன் உங்களுக்குள் போனில் நடந்த சண்டையை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். நானும்தான் அப்பாவுக்குப் பண்றேன் என்று நீ சொல்லியிருக்கிறாய். என்னத்தடா பண்றே என்று அவள் கேட்டாள். அதோடு முடிந்திருக்க வேண்டிய சண்டை. எந்த வீட்டிலும் அண்ணன் தம்பி அக்கா தங்கை அப்படித்தான் கத்திவிட்டு மறுநாள் பேசிக்கொள்வார்கள். நீ மறுநாள் பேசவில்லை, அந்தக் கட்டை உலகத்துக்குள் ஒரு கருவி கட்டினாய். உன் பேரில் ஒரு பெட்டி, அவள் பேரில் ஒரு பெட்டி. அப்பாவுக்கு ஏதாவது செய்தால் செய்தவர் தன் பெட்டியில் ஒரு பொருளைப் போட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மின்கம்பிக்குப் பதிலாகச் சிவப்புத் தூளைக் கோடு கிழித்து, கம்பேரேட்டர் என்கிற அந்த ஒப்பீட்டுக் கருவி. மூன்று குட்டித் தீப்பந்தம் முளைத்த ஒரு சாம்பல் நிறப் பலகை. பின்னால் வருவது உன் பெட்டியின் சமிக்ஞை, பக்கவாட்டில் வருவது அவளுடையது. எது பெரிது என்று பார்த்து ஒரு விளக்கை எரியவிடும் அல்லது அணைத்துவிடும். எரிந்தால் நீ அதிகம் செய்தவன். அணைந்தால் அவள். இதை நீ கவனித்தாயா என்று தெரியவில்லை, அவள் ஜெயித்தால் அவளுக்குக் கிடைப்பது இருட்டு. என் பேரில் பெட்டி வைக்கவில்லை, அந்த மட்டும் பிழைத்தேன்.

அவள் சிரித்துக்கொண்டுதான் ஒத்துக்கொண்டாள் என்பாய். இருக்கும். ஆனால் உன் அக்காவை உனக்குத் தெரியும். விளையாட்டென்று ஒத்துக்கொண்டாலும் விதியென்று ஒன்று இருந்தால் அதில் ஒரு மயிரிழை பிசக மாட்டாள். குளிப்பாட்டியதற்கு ஒன்று, மாத்திரைக்கு ஒன்று, விரிப்புக்கு ஒன்று என்று போட்டிருக்கலாம். போடவில்லை. ஒருமுறை வந்துபோனால் ஒரு கல். ஐம்பத்தொன்பது நாள், நூற்றுப் பதினெட்டுக் கல். விளக்கு உன் பக்கம் எரிந்துகொண்டே இருந்தது. நீ அதைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் அனுப்பினாய். லைட் எரியுது அக்கா, இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு. அடுத்த வாரம் மறுபடியும். அதற்கடுத்த வாரம் ஒரு கைதட்டலோடு. நான்கூட அந்தப் படங்களுக்குக் கட்டைவிரல் போட்டேன், என்னவென்று தெரியாமல்.

அவள் முயற்சி பண்ணினாள். மதியச் சாப்பாட்டு நேரத்திலும் ஒரு பஸ் பிடித்து வர ஆரம்பித்தாள், அதற்குத் தனியாகக் கல் போடவில்லை என்பதையும் குறித்துக்கொள். பிறகு நான் கேட்டதற்கு, காலையும் மாலையும்னுதான் தொடங்கினேன், நடுவில விதியை மாத்தினா அது ஏமாத்து என்றாள். ஒருநாள் அப்பாவின் நகத்தை வெட்டிக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டாள், நான் பண்றது போதலையாம்மா என்று. நான் உடம்பு அசதியில் பேசுகிறாள் என்று நினைத்து, போய்த் தூங்கு என்றேன். தூங்கவில்லை. மூன்று வாரம் முன்பு மருந்தக ஜன்னலில் ஒருவருக்கு இருபது மில்லிகிராம் மாத்திரைக்குப் பதில் நாற்பதை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பக்கத்து ஜன்னல்காரி கண்ணில் பட்டது, திரும்ப வாங்கி மாற்றிவிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பதினைந்து வருஷத்தில் முதல் தவறு. விளக்கம் கேட்டுத் தாள் கொடுத்திருக்கிறார்கள். அவள் விளக்கம் எழுதவில்லை, ராஜினாமா எழுதியிருக்கிறாள். ரெண்டையும் அரைகுறையா பண்றேன், ஒண்ணையாவது முழுசா பண்றேன் என்கிறாள். வருகிற திங்கட்கிழமை காலை கொடுக்கப்போகிறாள். மாப்பிள்ளை சொல்லிப் பார்த்துவிட்டார். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். கைப்பையில் உறை தயாராக இருக்கிறது, ஒட்டிக்கூட விட்டாள்.

ஏன் இவ்வளவு என்று நான் குடைந்ததில்தான் விளக்குக் கதை வெளியே வந்தது. ஞாயிறு மதியம் அவள் அப்பாவைத் தூங்கவைத்துவிட்டுப் போன பிறகு அவர் அறையிலிருக்கும் பழைய கணினியில் உட்கார்ந்தேன். என் வேலை உனக்குத் தெரியும், நண்பர்களிடம் அதை நீ எப்படிச் சொல்வாய் என்பதும் தெரியும். இருபத்தேழு வருஷமாகக் கடைகடையாகப் போய்த் தராசு சோதிக்கிறவள். தராசு பளபளப்பாக இருக்கிறதா என்று நாங்கள் பார்ப்பதில்லை. முதலில் வெறுமையாக நிறுத்திப் பார்ப்போம். பிறகு தெரிந்த எடையை வைத்துப் பார்ப்போம். கடைசியில் இரண்டு பக்கத்துச் சுமையையும் இடம் மாற்றி வைப்போம். கைகள் சமமில்லாத தராசு அந்த இடத்தில் அகப்பட்டுவிடும். உன் கருவிக்கும் அதே மரியாதையைக் கொடுத்தேன், அதற்கு அவ்வளவு தகுதி இல்லாவிட்டாலும். உங்கள் உலகத்தில் நடக்கப் பழகவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. சுவரைப் பார்த்தபடியே நின்றேன், ஒரு பன்றி வந்து இடித்துக்கொண்டு நின்றது. பிறகு பெட்டிகளைத் திறந்தேன். எது எந்தக் கட்டத்தில் இருந்தது என்று ஒரு தாளில் வரைந்துகொண்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன்.

வெறும் பெட்டிகள், விளக்கு அணைந்தது. சரி. ஆளுக்கு ஒரு கல் வைத்தேன். எரிந்தது. சமமாக இருந்தாலும் உனக்குத்தான் விளக்கு. முன்னாலிருக்கும் தீப்பந்தத்தை ஒருமுறை தட்டினால் ஒப்பிடுவதை விட்டு ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க ஆரம்பிக்குமாம், சமமாக இருக்கும்போது அணைந்திருக்கும், அந்த ஒரு தட்டு தட்ட உனக்குத் தோன்றவில்லை. இது சின்னக் குற்றம், எந்தக் கடைக்காரனும் தன் பக்கம்தான் சாய்த்து வைப்பான். பிறகு அவளுடைய நூற்றுப் பதினெட்டுக் கல்லையும் உன் பெட்டியில் வைத்தேன். அவள் பெட்டியில் இரண்டே இரண்டு கோடரி, உன் பெட்டியில் கிடந்ததிலிருந்து எடுத்தது. விளக்கு அணைந்தது. இரண்டு கோடரிக்கு முன்னால் நூற்றுப் பதினெட்டுக் கல் தோற்றுவிட்டது. எந்தப் பக்கம் வைத்தாலும் கோடரிதான் ஜெயித்தது. திங்கட்கிழமை அலுவலகத்துத் தட்டச்சரிடம் சொல்லி, விளையாடுகிறவர்கள் எழுதிவைத்த விளக்கத்தை அச்செடுத்துப் படித்தேன். கல் என்றால் ஒரு கட்டத்தில் அறுபத்து நாலு அடுக்கலாம். கோடரி, மண்வெட்டி, வாள் இவை கட்டத்துக்கு ஒன்றுதான். உன் கம்பேரேட்டருக்கு எண்ணத் தெரியாது. பெட்டியில் இருபத்தேழு கட்டம், அதில் எவ்வளவு இடம் அடைந்திருக்கிறது என்று மட்டும் பார்க்கும். அவளுடைய இரண்டு மாதம் இரண்டு கட்டத்தில் அடங்கிவிட்டது, சமிக்ஞை ஒன்று. உன்னுடைய ஒன்பது சாமான் ஒன்பது கட்டத்தைப் பிடித்துக்கொண்டது, சமிக்ஞை ஐந்து. மருந்தகத்தில் பதினைந்து வருஷம் அடுக்கிப் பழகிய கை, கல்லையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. அடுக்கி வைத்தவள் ஒன்றும் செய்யாதவளாகிவிட்டாள். இறைத்துப் போட்டவன் வீட்டை நிரப்பியவனாகிவிட்டான். இதற்கு ஒரு பெயர், மூன்று தீப்பந்தம், நடுக்கூடத்தில் ஓர் இடம்.

கருவியை விடு, அது ஜடம். உன் பெட்டியைச் சொல்கிறேன். முதல் கட்டத்தில் நாலு கல் இருந்தது. அதற்கப்புறம்தான் ஒன்பது சாமான். அப்படியானால் நீயும் கல்லில்தான் ஆரம்பித்திருக்கிறாய். நாலு கல்லுக்குப் பிறகு மாறியிருக்கிறாய். அத்தனையும் மரச் சாமான், மூன்று பலகையும் இரண்டு குச்சியும் இருந்தால் ஒரு கோடரி, அந்த உலகத்தில் மரச் சாமானைவிட மலிவான கருவி இல்லையாம். தெரிந்து செய்தாயா என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் ஏதாவது புத்திசாலித்தனமாகச் சொல்வாய். ஒன்று மட்டும் சொல்கிறேன். நூற்று இருபத்து நாலாவது கல் விழும்வரை அவளுடைய சமிக்ஞை ஒன்றைத் தாண்டியிருக்காது, உன் நாலு கல்லுக்கும் ஒன்றுதான், சமம் என்றால் விளக்கு உனக்கு. நீ ஏமாற்றவே தேவை இருக்கவில்லை. தேவையில்லாத இடத்தில் ஏமாற்றியிருக்கிறாய். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டுகிற ஆட்களைப் பிடித்திருக்கிறேன். அவர்களுக்கு வியாபாரம், குடும்பம், ஏதோ ஒரு காரணம் இருக்கும், பிடிபட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். நீ ஒரு பொய் விளக்குக்காக மரக் கோடரி செதுக்கியிருக்கிறாய், படித்தவன், பெரிய வேலையில் இருக்கிறவன், அதைப் படம் வேறு பிடித்து அனுப்பியிருக்கிறாய். எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபத்துக்குக் கொஞ்சமாவது உயரம் வேண்டும்.

நான் சோதித்துக்கொண்டிருந்தபோது அப்பா விழித்துவிட்டார். படுக்கையிலிருந்தே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. வெளிச்சம் என்றார். முகம் மலர்ந்திருந்தது. யாரு என்று கேட்டார். உங்கள் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்றேன். எதை வைத்து விளையாடுகிறார்கள் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

நான் உன்னைத் திட்டுவதற்கு முன் என்னையும் நிறுத்திப் பார்த்தேன். அரையாண்டுப் பரீட்சை முடிந்தால் உங்கள் இருவருடைய மதிப்பெண் அட்டையையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவள் நான். அவளுடையது எப்போதும் மேலே இருக்கும். நீ தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாய். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்திலும் காந்தம் இருக்கிறது என்று ஆகிவிடும். அதனால் எழுதுகிறேன். ஆனால் அது உனக்குச் சாக்கு இல்லை. உனக்கு முப்பத்திரண்டு வயது.

நேற்று முன்தினம், திங்கள் மாலை, அவள் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். தாளில் படம் போட்டுக் காட்டினேன், இரண்டு கோடரி, நூற்றுப் பதினெட்டுக் கல். அவள் சந்தோஷப்படுவாள், உறையைக் கிழித்துவிடுவாள் என்று நினைத்தேன். தராசு தப்பு என்று நிரூபித்துவிட்டால் வழக்கு முடிந்தது, என் வேலையில் அப்படித்தான். அவள் அப்பாவின் துண்டைப் பிழிந்து கொடியில் போட்டாள். ஓரத்தை இழுத்து நேராக்கினாள். பிறகு சொன்னாள்.

“மெஷின் தப்பா காட்டுச்சுன்னா அது மெஷினோட தப்பும்மா, விடு. லைட் எரியுதுன்னு அவன் அவ்ளோ சந்தோஷப்பட்டானே, அதுவும் தப்பா காட்டுச்சா?”

என் கையிலிருக்கும் எந்த எடைக்கல்லும் அதற்கு உதவவில்லை. அவள் வேலையை விடுவது அப்பாவுக்காக இல்லை சின்னவனே, அப்பாவுக்கு அவள் செய்வது போதும், போதுமென்று அவர் வாயாலேயே சொல்கிறார். தன்னைக் கீழே பார்ப்பதில் தம்பிக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று தெரிந்துபோனதற்காக விடுகிறாள். இன்னும் அதிகம் செய்தால் அந்தச் சந்தோஷம் போய்விடும் என்று நினைக்கிறாள். போகாது. அதை அவளுக்கு யார் சொல்வது. நான் சொன்னால் அம்மா இரண்டு பக்கமும் பேசுவாள் என்பாள். நீதான் சொல்ல வேண்டும்.

பெட்டிகளில் எது எங்கே இருந்ததோ அதை அங்கேயே திரும்ப வைத்துவிட்டேன். கருவியை நான் உடைக்கவில்லை. தேறாத தராசை ஆய்வாளர் உடைப்பதில்லை, உடையவனே கழற்றி எடுத்துப் போக வேண்டும். ஆனால் அதைக் கழற்றிவிட்டுப் பார் அக்கா கழற்றிட்டேன் என்று படம் அனுப்பாதே. கம்பேரேட்டர் பற்றிப் பேசாதே. கட்டம், சமிக்ஞை, தெரியாமல் நடந்தது, ஒன்றும் வேண்டாம். அவளைக் கூப்பிடு. லைட் எரிஞ்சப்போ எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுக்கா, அது அசிங்கம்னு இப்போ தெரியுது என்று சொல். இதைவிட நல்லதாக உனக்குச் சொல்லத் தெரியும், நல்லதாகச் சொல்லாதே. சொல்லிவிட்டுச் சும்மா இரு. அவள் பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் இரு. போனை மட்டும் வைக்காதே. அவள் அழுதாலும், திட்டினாலும், அப்பாவுக்கு மாத்திரை நேரம் என்று பேச்சை மாற்றினாலும் கேட்டுக்கொண்டிரு. ராஜினாமாவைக் கொடுக்காதே என்று நீ கேட்கக் கூடாது, அதைக் கேட்கிற தகுதி உனக்கு இப்போது இல்லை. கொடுப்பதும் கொடுக்காததும் அவள் பாடு. ஆனால் அவள் கொடுத்தால் உன்னால் கொடுத்தாள் என்று இல்லாமல் இருக்கட்டும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. என் ஆசீர்வாதம் எப்போதும்போல உனக்கு உண்டு, எதையும் செய்து வாங்கியதில்லை அது, அதனால் இப்போதும் குறையவில்லை. நினைவில் வைத்துக்கொள், வெள்ளிக்கிழமைக்குள் பேச வேண்டும், சனியும் ஞாயிறும் அவள் வீட்டில் ஆட்கள் இருப்பார்கள். மதியம் ஒன்றரைக்குக் கூப்பிடாதே, அப்போதுதான் இங்கிருந்து திரும்பிப் போய்ச் சாப்பிட உட்காருவாள், உன் பெயரைத் திரையில் பார்த்தால் டப்பாவை மூடிவிடுவாள். நாலு மணிக்குக் கூப்பிடு, மருந்தக ஜன்னலில் அந்த நேரம் கூட்டம் இருக்காது. உன் ஊரில் அப்போது மணி என்ன என்று நீயே பார்த்துக்கொள். தூங்குகிற நேரமாக இருந்தால் எழுந்திரு.

இப்படிக்கு,
உனக்கும் அவளுக்கும் அம்மா